கோ-ஆப் சிட்டி போன்ற பெரிய குடியிருப்பில் தனியார் பாதுகாப்பு அதிகாரி நம்மைக் கைது செய்ய முடியுமா?

முடியும். "வாட்ச்மேன்தானே" என்று எண்ணி அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் கோ-ஆப் சிட்டியில் அக்கா குடும்பத்தோடு மூன்று ஆண்டுகள் இருந்தேன். குடியிருப்பு என்று சொன்னால் அதன் அளவு புரியாது. 35 அடுக்குமாடிக் கோபுரங்கள், அவற்றோடு வரிசை வீடுகள், மொத்தம் 15,372 வீடுகள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கும் இடம். பள்ளிகளும் கடைகளும் சொந்த மின் நிலையமும் உண்டு. அதற்கென்று தனிப் பாதுகாப்புத் துறையும் இருக்கிறது. சம்பளம் கொடுப்பது குடியிருப்பின் நிர்வாகம். சீருடை, ரோந்து வண்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முதல் மாதம் முழுவதும் அவர்களை நகரக் காவல்துறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர்களைப் போன்றவர்களை நகரக் காவல் ஆணையர் 'ஸ்பெஷல் பேட்ரோல்மேன்' என நியமிக்கலாம். அப்படி நியமிக்கப்பட்டவர் மாநிலச் சட்டப்படி 'பீஸ் ஆபீசர்' ஆகிறார். முழுப் போலீஸும் இல்லை, வெறும் காவலாளியும் இல்லை.

வேறுபாடு எங்கே என்றால், அந்த மாநிலத்தில் சாதாரணக் குடிமகனும் ஒருவரைக் கைது செய்யலாம். ஆனால் பிடிபட்டவர் அந்தக் குற்றத்தை உண்மையிலேயே செய்திருக்க வேண்டும். கணிப்பு தவறினால் பிடித்தவர் பாடு திண்டாட்டம். பீஸ் ஆபீசருக்கு அந்தக் கவலை இல்லை. தன் பணி சார்ந்து செயல்படும்போது, குற்றம் நடந்தது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். உண்மையில் செய்திருக்க வேண்டுமா, நம்ப நியாயமான காரணம் போதுமா என்ற இந்த வித்தியாசத்தில்தான் அவருடைய கைது அதிகாரத்தின் பலம் இருக்கிறது. துப்பாக்கி வேறு விஷயம்: இந்த நியமனம் மட்டும் அதற்கு உரிமை தராது, தனி உரிமம் வேண்டும்.

சட்டம் இவ்வளவுதான். என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. ஓர் இரவு ஒரு மணி தாண்டியும் மேல் வீட்டில் பாட்டுச் சத்தம் ஓயவில்லை. அக்கா குடியிருப்பின் பாதுகாப்பு எண்ணுக்குத்தான் அழைத்தார். வந்த அதிகாரி கதவைத் தட்டி, தணிந்த குரலில் இரண்டு வார்த்தை பேசினார். சத்தம் அடங்கிவிட்டது. சில நாள் கழித்து அந்த வீட்டுக்காரருக்கு நிர்வாகத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்ததாக அவரே மின்தூக்கியில் சொன்னார், கொஞ்சம் முறைத்தபடி.

நகரப் போலீஸ் வந்திருந்தால் அந்தக் கடிதம் வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். இங்கே கைவிலங்கு வைத்திருப்பவரும் வீட்டு விதிகளைக் கவனிப்பவரும் ஒரே முதலாளியின் ஆட்கள். வசதி என்றால் வசதிதான். அன்று எங்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. நான் அந்த மேல் வீட்டில் இருந்திருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆனால் அந்த முதலாளி யார்? கோ-ஆப் சிட்டி கூட்டுறவுக் குடியிருப்பு என்பதால் குடியிருப்போரே பங்குதாரர்கள், இயக்குநர் குழுவுக்கு வாக்களிப்பவர்களும் அவர்களே. 1975-76இல் கட்டண உயர்வை எதிர்த்து, 13 மாதங்கள் மாதக் கட்டணத்தை நிர்வாகத்துக்குக் கட்டாமல் நிறுத்தி வைத்து, கடைசியில் நிர்வாகத்தையே தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். பாதுகாப்புத் துறை எப்படி நடக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து கேட்க அவர்களால் முடியும். வாடகைக்கு மட்டும் இருக்கும் வளாகங்களில் இந்தப் பிடி கிடையாது. அதே சீருடை, அதே அதிகாரம், ஆனால் கேள்வி கேட்கும் இடம் நில உரிமையாளரின் அலுவலகம்.

எனவே வீடு பார்க்கும்போது காவலர்கள் எத்தனை பேர் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். அவர்கள் பீஸ் ஆபீசர்களா, அவர்கள்மீது புகார் என்றால் அதை விசாரிப்பவர் யார் என்பதையும் கேளுங்கள். உங்களை எப்போதாவது நிறுத்தினால் பணிவாகப் பேசி, பேட்ஜ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் குடியிருப்பின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசர எண் 911.