தாமதம் எங்கிருந்து வருகிறது? ஒலி, விளையாட்டு, மென்பொருள் வேலை குறித்த கேள்வி பதில்

ஒலிப்பதிவு மென்பொருள் எழுதுவது என் தொழில். அதற்கு முன் சில ஆண்டுகள் கைப்பேசி விளையாட்டுகளுக்கான ஒலிப்பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டும் சேர்ந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, கேட்டவரின் ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மேடைப் பாடகி: வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய முயல்கிறேன். புளூடூத் ஹெட்போனில் என் குரலே எனக்குப் பிந்திக் கேட்கிறது, தாளம் தவறுகிறது. கணினி பழையது என்பதாலா?

கணினியின் மேல் குற்றமில்லை அம்மா, காரணம் அந்த ஹெட்போன்தான். உங்கள் குரல் எண்களாக மாறி, சுருக்கப்பட்டு, துண்டு துண்டாகக் காற்றில் அனுப்பப்பட்டு, ஹெட்போனுக்குள் மறுபடி விரிக்கப்பட்ட பிறகே காதை எட்டுகிறது. சாதாரண புளூடூத் ஹெட்போன்களில் இதற்கு 150 முதல் 250 மில்லி விநாடி வரை ஆகிறது. பிறர் பாடியதைக் கேட்கும்போது எல்லாமே ஒன்றாகப் பிந்துவதால் நமக்குத் தெரிவதில்லை. நாமே பாடும்போதுதான் அது தொல்லையாகிறது.

மேடைக் கணக்கில் சொல்கிறேன். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. உங்களுக்கு இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் ஒலி 6 மில்லி விநாடி பிந்தித்தான் உங்களை வந்தடைகிறது. அதை உங்கள் காது வாழ்நாளெல்லாம் பழகியிருக்கிறது. 200 மில்லி விநாடித் தாமதம் என்பது 68 மீட்டர் தள்ளி, கோயில் தெருவின் மறுமுனையில் கட்டிய ஒலிபெருக்கியில் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுவதற்குச் சமம். அப்படிப் பாடித் தாளத்தில் நிற்க யாராலும் முடியாது.

கம்பியுள்ள ஹெட்போனுக்கு மாறினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிஞ்சுவது மென்பொருளின் பஃபர், அதாவது ஒரே தடவையில் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித்துண்டு. அதன் அளவை 1,024 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்) என்று வைத்திருந்தால் ஒரு திசைக்கு மட்டும் 23 மில்லி விநாடி. 128 என்று குறைத்தால் 3 மில்லி விநாடிக்கும் கீழே. பாடும்போது குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், பதிவு முடிந்து கலவை செய்யும்போது கூட்டிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக் கூடங்களில் அனுபவமுள்ள பாடகர்கள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். தம் குரலைக் காற்றின் வழியாகவே கேட்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நீங்களும் மேற்கொள்ளலாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு கணினி அறிவியல் மாணவர்: குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 சாம்பிள் என்கிறார்கள். ஏன் 44,000 என்றோ 45,000 என்றோ முழு எண்ணாக வைக்கவில்லை?

மனிதக் காது கேட்கும் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையை முழுமையாக மீட்க வேண்டுமானால் அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுக்க வேண்டும். ஆகவே 40,000-க்கு மேல் என்பது கணிதத்தின் தேவை. மிச்சமுள்ள 4,100 வந்த வழி வேறு. 1970-களின் இறுதியில் இவ்வளவு எண்களைச் சேமிக்க எளிதாகக் கிடைத்தது வீடியோ நாடாதான். ஒலியைக் கருப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, படத்தின் ஒவ்வொரு வரியிலும் மூன்று சாம்பிள் வீதம் எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் பயன்படக்கூடிய வரிகள் 245, விநாடிக்கு 60 முறை. ஐரோப்பிய முறையில் 294 வரிகள், விநாடிக்கு 50 முறை. இரண்டையும் மூன்றால் பெருக்கிப் பாருங்கள், விடை ஒன்றே: 44,100. 1982-இல் குறுந்தகடு சந்தைக்கு வந்தபோது அந்த எண்ணும் கூடவே வந்தது. வீடியோ நாடா போய்விட்டது, எண் போகவில்லை. மென்பொருளில் காரணம் மறைந்த பிறகும் முடிவுகள் உயிரோடு இருப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சேலத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர்: எம்பி3-யை விட ஃபிளாக் கோப்பு இனிமையாகக் கேட்கிறது என்கிறார்கள். உண்மையா?

எம்பி3 ஒலியில் சிலவற்றை விட்டுவிட்டுச் சுருக்குகிறது, ஃபிளாக் எதையும் இழக்காமல் சுருக்குகிறது. விநாடிக்கு 320 கிலோபிட் எம்பி3-யையும் அதன் மூலத்தையும், எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தால், பெரும்பாலோரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. என்னாலும் சில பாடல்களில் மட்டுமே முடிகிறது. ஆனால் ஃபிளாக் கோப்பைச் சேர்த்து வையுங்கள் என்றே சொல்வேன். எம்பி3-யை வெட்டி ஒட்டி மறுபடி எம்பி3 ஆக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று உதிர்ந்துபோகிறது. தாத்தாவின் ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றுகிறீர்கள் என்றால், ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்கப்போகிறவருக்காக இழப்பில்லாமல் வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வயலின் ஆசிரியர்: என் மாணவன் மின்னணுக் கீபோர்டில் வயலின் ஒலியை வைத்துத் தோடி வாசிக்கிறான். சுரம் சரியாக இருக்கிறது, ராகம் வரவில்லை. விலை கூடிய கருவி வாங்கினால் வருமா?

ஐயா, இந்தக் கேள்வியை நானும் பல நாள் மனத்தில் போட்டு உருட்டியிருக்கிறேன். 1983-இல் வந்த மிடி என்ற முறைதான் இன்றும் கீபோர்டுகளின் பொது மொழி. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதை 0 முதல் 127 வரையிலான எண்களால் அது சொல்கிறது. சுருதியை வளைக்கும் சக்கரத்துக்கு மட்டும் 0 முதல் 16,383 வரை இடம் உண்டு. அந்தச் சக்கரம் வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் நகர்த்தும். தோடியின் காந்தாரம் சுத்த ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் அசைகிறது என்று கொண்டால், கீழே இரண்டு, மேலே இரண்டு. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. வேகமும் குறையில்லை, விநாடிக்கு ஆயிரம் முறை இடத்தை மாற்றிச் சொல்ல அந்த முறையால் முடியும்.

அப்படியானால் குறை எங்கே? ஒலியை உருவாக்கும் இடத்தில். எளிய கீபோர்டில் உள்ள வயலின் என்பது ஒரே சுருதியில் வாசித்துப் பதிந்த ஒரு துண்டு. சக்கரத்தைத் திருப்பினால் அந்தத் துண்டு வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது, சுருதியும் மாறுகிறது. கூடவே பெட்டியின் கனமும் மாறிவிடுகிறது. உங்கள் கையில் உள்ள வயலினில் விரல் வழுக்கும்போது கம்பியின் நீளம் மட்டுமே மாறுகிறது. மரப்பெட்டி அப்படியே இருக்கிறது, அதன் அதிர்வுகள் நின்ற இடத்தில் நிற்கின்றன. கமகத்தின் உச்சியில் ஒலி மெல்லியதாகவும் அடியில் தடித்ததாகவும் பொம்மைபோல் கேட்பது இதனால்தான். போதாக்குறைக்கு, வில்லின் அழுத்தம் விரலோடு சேர்ந்து கூடிக் குறைகிறது. சக்கரத்துக்கு அது தெரியாது.

இன்று இதற்கு வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு விரலின் அசைவையும் தனித்தனியாக அனுப்பும் எம்பிஇ என்ற விரிவு 2018-இல் மிடி தரத்தில் சேர்ந்தது. கம்பியையும் பெட்டியையும் தனித்தனியாகக் கணக்கிடும் மென்பொருள்களும் உண்டு. ஆனாலும் மாணவர் முதலில் உங்களிடம் வயலினிலேயே தோடியைக் கற்கட்டும். காந்தாரம் எப்படி அசைய வேண்டும் என்று காதுக்குத் தெரியாதவருக்கு எந்தக் கருவியும் அதைக் கொடுத்துவிடாது.

அம்பத்தூரிலிருந்து ஒரு விளையாட்டு ஆர்வலர்: இணையத் திட்டத்தை 100 எம்பிபிஎஸ்-இலிருந்து 300-க்கு மாற்றினேன். சிங்கப்பூர் சர்வரில் பிங் அதே 60. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை. எம்பிபிஎஸ் என்பது சாலையின் அகலம், பிங் என்பது போய்த் திரும்பும் நேரம். சாலையை அகலமாக்கினால் ஊர் அருகில் வந்துவிடாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கம்பியின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். போய்வர 6,400 கிலோமீட்டர், ஆகவே 32 மில்லி விநாடி. எவ்வளவு பணம் கட்டினாலும் இந்த 32 குறையாது.

எஞ்சிய 28-இல்தான் நீங்கள் ஏதாவது செய்ய முடியும். முதலில் உங்கள் வீட்டு ரூட்டருக்கே பிங் அனுப்பிப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் நிலையாக இருக்க வேண்டும். அது 5, 40, 8, 70 என்று துள்ளினால் கோளாறு வீட்டுக்குள் உள்ள வைஃபையில் இருக்கிறது. ஒரு லேன் கம்பி அதைத் தீர்க்கும். நீங்கள் விளையாடும் நேரத்தில் வீட்டில் வேறொருவர் புகைப்படங்களை இணையச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாலும் ரூட்டரில் வரிசை நீண்டு பிங் ஏறும். சராசரி எண்ணைவிட இந்தத் துள்ளலே விளையாட்டை அதிகம் கெடுக்கிறது.

"சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சுடப்படுகிறேன்" என்று கேட்டிருந்தீர்கள். பல விளையாட்டுகளில் சர்வர், சுட்டவர் தம் திரையில் பார்த்த கணத்துக்குக் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தி, அந்தக் கணத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று பார்த்தே தீர்ப்பளிக்கிறது. அவர் திரையில் நீங்கள் இன்னும் சுவரைத் தாண்டவில்லை. அநியாயமாகத் தோன்றினாலும், தொலைவில் இருப்பவரும் நேரே பார்த்துச் சுட வேண்டுமானால் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

மதுரையிலிருந்து ஒரு தாய்: கல்லூரியில் படிக்கும் என் மகன் பணம் கட்டி ஆன்லைனில் சீட்டு விளையாடுகிறான். திறமை விளையாட்டுதான், சட்டப்படி சரி என்கிறான்.

அந்த வாதம் இப்போது நிற்காது அம்மா. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பார்க்காமல் தடை செய்கிறது. பணப்பந்தயம் இல்லாத மின்விளையாட்டுப் போட்டிகளை அது தனியாக அங்கீகரிக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய விளையாட்டுகளில் பணமிழந்தவர்களின் உயிரிழப்புகளுக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022-லேயே மாநில அவசரச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

விளையாட்டு மென்பொருள் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நாணயம் கொட்டும் ஒலியை எந்தக் கணத்தில், எவ்வளவு நீளத்துக்கு ஒலிக்கச் செய்தால் ஆடுபவர் இன்னோர் ஆட்டம் ஆடுவார் என்று அளந்து பார்த்து வைக்கிறார்கள். உங்கள் மகனின் மனவுறுதி குறைவு என்று நினைத்துக் கண்டிக்காதீர்கள், அவர் எதிரில் அளவுகோலோடு ஒரு குழுவே நிற்கிறது. எவ்வளவு கடன் என்பதை அச்சமின்றி அவர் சொல்லும்படி முதலில் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது. பணமோசடி நடந்திருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

நாமக்கல்லிலிருந்து இறுதியாண்டு பொறியியல் மாணவி: இசையும் தெரியும், நிரலும் தெரியும். ஒலி மென்பொருளில் வேலை உண்டா? பைத்தான் போதுமா?

வேலை உண்டு, ஆனால் "இசை மென்பொருள்" என்று தேடினால் குறைவாகவே கிடைக்கும். இணையவழிக் கூட்டங்களில் எதிரொலியை நீக்குவது, காருக்குள் இரைச்சலைக் குறைப்பது, காது கேட்கும் கருவி, கைப்பேசியின் மைக், விளையாட்டின் காலடி ஓசை ஆகியவை எல்லாம் இதே கணிதம்தான். அந்த வாசல்களைத் தட்டுங்கள்.

பைத்தான் சோதித்துப் பார்க்க நல்லது. களத்தில் சி++ வேண்டும். 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒவ்வொரு 5.8 மில்லி விநாடிக்கும் உங்கள் நிரல் அடுத்த துண்டைத் தயாராக நீட்ட வேண்டும். ஒரே ஒரு முறை தவறினாலும் கேட்பவர் காதில் "டிக்" என்று விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், சோதனைக்காக ஒலி இழையின் (இந்தத் துண்டுகளைத் தயாரிக்கும் நிரலோட்டத்தின்) நடுவே கோப்பில் ஒரு வரி எழுதும் கட்டளையைப் போட்டு, அதை எடுக்க மறந்தேன். எங்கள் அலுவலகக் கணினிகளில் எல்லாம் சரியாக ஓடியது. பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருந்த ஒரு பயனரின் வீட்டில் மட்டும், வட்டு விழித்துக்கொள்ளும் போதெல்லாம் ஒலி வெடித்தது. கண்டுபிடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. ஒலி இழைக்குள் கோப்பைத் தொடக் கூடாது, புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது, வேறோர் இழை பிடித்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. நேர்காணலில் இந்த மூன்றையும் காரணத்தோடு விளக்குகிறவரை நான் உடனே தேர்ந்தெடுப்பேன்.

சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் சோதனையாளர், வயது 38: நிரலையே செயற்கை நுண்ணறிவு எழுதுகிறது. என் வேலை நிலைக்குமா?

நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன். சென்ற மாதம் அது எனக்கு எழுதிக் கொடுத்த ஒலிநிரல், மேலே சொன்ன அதே தவற்றைச் செய்தது. ஒலி இழைக்குள் நினைவகம் கேட்டது. பத்து ஓட்டத்தில் ஒன்பதில் ஒன்றும் தெரியவில்லை. பத்தாவதைப் பிடிக்க, எதை எப்படி அளப்பது என்று தெரிந்த ஆள் வேண்டும். பட்டியலில் உள்ளதைச் சொடுக்கிச் சரி போடும் சோதனை வேலை குறையும் என்பதை மறைக்க மாட்டேன். உங்கள் நிறுவனத்தின் தயாரிப்பில் இதுவரை யாரும் அளக்காத ஒன்றைத் தேர்ந்து, அளந்து, வரைபடமாக்கிக் காட்டுங்கள். 38 வயது அதற்குத் தடையில்லை.

தூத்துக்குடியிலிருந்து ஒரு இளைஞர்: திருட்டு மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன், வாங்க வசதியில்லை.

தேவையே இல்லை தம்பி. ஆடாசிட்டியும் ஆர்டரும் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்தமூல ஒலிப்பதிவு மென்பொருள்கள். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழுமையாகச் சோதிக்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர்தான். உடைத்த மென்பொருளோடு வரும் வைரஸ் உங்கள் பாட்டுக் கோப்புகளைப் பூட்டிவிட்டால் அதைவிட அதிகம் இழப்பீர்கள்.

அதே இளைஞர்: என் பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் 700 கேட்புகள். பணம் எப்போது வரும்?

ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் பதிவுரிமைத் தொகையில் பங்கு என்பது 2024 முதல் அங்கே விதி. அதை எட்டினாலும் கிடைப்பது சிறு தொகையே. பாடலை எழுதியவரோ இசையமைத்தவரோ நீங்களே என்றால், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகையைத் திரட்டித் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள், அது வேறு வருமானம்.

தருமபுரியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர்: நான் முதலில் எந்த நிரலை எழுத வேண்டும்?

எந்த நூலகத்தின் உதவியும் இல்லாமல் ஒரு வேவ் கோப்பை நீங்களே எழுதுங்கள். முதலில் 44 பைட் தலைப்பு. அதன் பின் 440 ஹெர்ட்ஸ் சைன் அலையின் 44,100 எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு பைட், -32,768 முதல் 32,767 வரை. கோப்பின் அளவு சரியாக 88,244 பைட் என்று காட்ட வேண்டும். பிறகு ஹெட்போனின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள். ஒரு விநாடி "ஊ" என்று தெளிவாகக் கேட்டால் சரி. கரகரவென்று இரைந்தால், இரண்டு பைட்டுகளில் எதை முன்னால் எழுதினீர்கள் என்று பாருங்கள். எண்ணின் கீழ்மதிப்பைச் சுமக்கும் பைட்தான் முதலில் வர வேண்டும்.