குரல் பின்தங்குகிறது, மவுஸ் திக்குகிறது: ரேம் கூட்ட வேண்டுமா?

வாசகர் கேள்வி: எக்செல் பாடங்களை, திரையில் நடப்பதை வீடியோவாகப் பதியும் ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளில் பதிவு செய்கிறேன். 25 நிமிடப் பாடத்தில் தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. முடியும்போது குரல் 2 விநாடி பின்தங்கிவிடுகிறது. மவுஸ் அம்பும் விட்டு விட்டு நகர்கிறது. இன்டெல் லேப்டாப், 8 ஜிபி ரேம், புளூடூத் ஹெட்செட். ரேமைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ரேம் கடைக்கு இப்போதே கிளம்ப வேண்டாம். நீங்கள் சொல்பவை பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் குரல். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு தாமதம் என்றால், ஓபிஎஸ்ஸில் ஒலியை முன்பின் நகர்த்தும் ‘சிங்க் ஆஃப்செட்’ கட்டத்தில் மில்லிவிநாடிக் கணக்கைப் போட்டால் வேலை முடிந்தது. உங்களுக்கோ தாமதம் வளர்ந்துகொண்டே போகிறது. அதற்கு அந்தக் கட்டம் உதவாது. தொடக்கத்தைச் சரிசெய்தால் முடிவு கெடும், முடிவைச் சரிசெய்தால் தொடக்கம் கெடும்.

எடிட் செய்யாத மூலக் கோப்பை விஎல்சி வீடியோ பிளேயரில் ஓட்டி, கடைசி நிமிடத்தைப் பாருங்கள். அங்கே குரல் சரியாக இருந்தால் பதிவில் குற்றமில்லை, எடிட்டிங்கில்தான் நழுவுகிறது. செல்போனில் எடுத்த துண்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அவற்றில் ஃப்ரேம் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் என்பது, பெரும்பாலும் நிலையாக இருப்பதில்லை. வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ வைத்து மாற்றிய பிறகு எடிட்டருக்குள் கொண்டுவாருங்கள்.

மூலக் கோப்பிலேயே நழுவினால், ஓபிஎஸ் ஆடியோ அமைப்பிலும் விண்டோஸ் மைக் அமைப்பிலும் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 44.1, இன்னொன்றில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால் இரண்டையும் 48 ஆக்குங்கள். அப்புறம் அந்த புளூடூத் ஹெட்செட். என் முதல் சந்தேகமே அதன் மீதுதான். மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பல ஹெட்செட்டுகள் போன் அழைப்பு முறைக்கு இறங்கிவிடும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகும். ஒயர் வைத்த சாதாரண இயர்போன் மைக்கே இதைவிட மேல்.

இனி திக்கல். பதிவு ஓடும்போதே ஓபிஎஸ்ஸில் ‘ஸ்டாட்ஸ்’ பலகையைத் திறந்து வையுங்கள். ‘என்கோடிங் லேக்’ எண் ஏறினால், வீடியோவைச் சுருக்கும் வேலையைச் செய்ய முடியாமல் பிராசஸர் திணறுகிறது என்று பொருள். சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடர், பிராசஸரில் ஓடும் எக்ஸ்264 என்று இருந்தால், கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் குவிக் சிங்க்குக்கு மாற்றுங்கள். கிராபிக்ஸோடு வரும் பெரும்பாலான இன்டெல் சிப்புகளில் 2011 முதலே அது உண்டு. ‘ரெண்டரிங் லேக்’ ஏறினால் கிராபிக்ஸ் சிப்புக்குத்தான் மூச்சு வாங்குகிறது. பிரவுசரை மூடுங்கள், சார்ஜரைச் செருகியே பதிவு செய்யுங்கள், 60 ஃப்ரேமை 30 ஆக்குங்கள். 1920x1080 திரையில் 60 ஃப்ரேம் என்றால் விநாடிக்குச் சுமார் 12.4 கோடி பிக்சல். 30 என்றால் அதில் பாதிதான். எக்செல் பாடத்துக்கு 30 தாராளம். பலர் அவசரப்பட்டு, பிக்சல் குறைவான 720பி தரத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். கட்டங்களில் உள்ள எண்கள் மங்கிவிட்டால் பாடமே போச்சு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போதும் முழு 25 நிமிடம் பதிவு செய்யுங்கள். 2 நிமிடச் சோதனையில் இந்த நழுவல் கண்ணில் படாது. டாஸ்க் மேனேஜரையும் அப்போது பாருங்கள்: மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் மட்டும் ரேம் பற்றி யோசிக்கலாம்.