காடுதான் சுத்தமாக இருக்கிறதே, அங்கே போய்க் காற்றில் உள்ள துகள் ஒளியைச் சிதறடிப்பதை ஏன் அளக்கிறார்கள்?

நீங்கள் இயற்பியல் மாணவர், புராஜெக்ட் தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வைவாவில் இதே கேள்விக்கு நான் வாயடைத்து நின்றவன். அதனால்தான் எழுதுகிறேன்.

சுத்தமாக இருப்பதால்தான் அளக்கிறார்கள். அமேசானில் மனௌஸ் நகரிலிருந்து சுமார் 150 கி.மீ. தள்ளி, காட்டுக்கு நடுவே, காற்றை ஆராய்வதற்கென்றே 325 மீட்டர் உயர அட்டோ (ATTO) கோபுரம் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே பெரும்பாலும் காடே உண்டாக்கும் துகள்கள். ஒளியைச் சிதறடிக்கும், விழுங்குவது குறைவு. ஆகஸ்டுக்குப் பிறகு காடு எரிப்பதால் எழும் புகை வந்தால் அதிலுள்ள கரி ஒளியை விழுங்க ஆரம்பித்துவிடும். மனிதன் எவ்வளவு கெடுத்தான் என்று சொல்ல, கெடாத காற்றின் கணக்கு கையில் வேண்டாமா?

நான் அமேசான் போனதில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் அளந்தேன். சேர்வராயன் மலை மழைக்காடு இல்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எனக்கும் தெரியும். ஆனால் கருவிகள் அதே வகைதான்: சிதறலுக்கு நெஃபலோமீட்டர், கரிக்கு ஏதலோமீட்டர்.

மூடுபனி இறங்கிய இரவுகளில் சிதறல் பல மடங்கு ஏறியது. சேலத்துப் புகை மலையேறுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். புகையானால் கரியும் ஏற வேண்டும்; ஏதலோமீட்டரில் கரி அசையவே இல்லை. அதை நான் பார்த்தும் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை நுழைகுழாயைத் திறந்தால், காற்றின் ஈரத்தை உறிஞ்ச வைத்திருந்த, நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் நிரம்ப ஈரம் குடித்து ரோஜா நிறத்தில் கிடந்தது. துகள்கள் ஈரம் குடித்து ஊதியிருக்கின்றன. ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்கி அளக்க வேண்டியதை நனைந்த காற்றிலேயே அளந்திருக்கிறேன். எஸ்டேட் ரைட்டர் அண்ணன் ஒரு பழைய வாணலியை ஒதுக்கிக் கொடுத்தார். அதில் ஜெல்லை மெதுவாகச் சூடாக்கி நீலமாக்கினோம்.

மார்ச்சில் சரிவில் சருகு எரிந்தபோது கருவி தேறியது. 880 நானோமீட்டர் அலைநீள ஒளியைவிட 370 நானோமீட்டர் ஒளியை விழுங்குவது வேகமாக ஏறியது. டீசல் கரியில் இந்த வித்தியாசம் இவ்வளவு இருக்காது. விறகு, சருகுப் புகையின் அடையாளம் அது. அன்று ரைட்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கேட்காததையும் சொல்கிறேன். அந்த வருடம் எட்டு மாதம் உதவித்தொகை வரவில்லை. முப்பது வயதில் ஏற்காடு பஸ்ஸுக்கு அப்பாவிடம் காசு வாங்கினேன். ஆராய்ச்சி மாணவனுக்கு வயிறு இல்லையா?

நனைந்த காற்றில் அளந்த அந்தப் பதினொரு இரவுகளின் தரவை நான் அழிக்கவில்லை. ஈரம் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.