இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்து உயிரிழந்தவர்களில் உங்களால் மறக்க முடியாதவர் யார்?

ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. கனடாவின் வின்னிபெக் நகரில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1916இல் பிறந்தவர். கனடிய விமானப்படையின் 419ஆவது பிரிவில், லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் முதுகிலிருக்கும் துப்பாக்கிக் கூண்டு அவருடைய இடம். வால் கூண்டில் நண்பர் பாட் புரோஃபி.

1944 ஜூன் 12 இரவு. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பிரான்சின் காம்ப்ரே ரயில் தளத்தைத் தகர்க்க அந்த விமானத்தில் ஏழு பேர் கிளம்பினார்கள். ஜெர்மன் போர் விமானம் ஒன்று தாக்கியதில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றுபோயின. இரு கூண்டுகளுக்கும் நடுவே தீப்பற்றியது. எல்லோரும் குதிக்கும்படி விமானி உத்தரவிட்டார்.

மைனார்ஸ்கி கூண்டைவிட்டு இறங்கி, வெளியேறும் கதவை நோக்கிப் போனார். அப்போதுதான் புரோஃபி சிக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். வால் கூண்டைச் சுழற்றினால்தான் அவர் வெளியே வர முடியும். எஞ்சின் நின்றதால் அதைச் சுழற்றும் விசை போய்விட்டது. கையால் சுழற்றும் கருவியும் உடைந்துவிட்டது. மைனார்ஸ்கி தீக்குள் நுழைந்தார். கூண்டை அசைக்க என்னென்னவோ செய்து பார்த்தார், அது நகரவில்லை. இடுப்புவரை உடை எரிந்துகொண்டிருந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை, போய்விடு என்று புரோஃபியே சைகை காட்டினார். திரும்பவும் தீயைக் கடந்து வந்த மைனார்ஸ்கி, குதிப்பதற்கு முன் நண்பனைப் பார்த்து நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். எரியும் பாராசூட்டோடு அவர் இறங்குவதைக் கீழே பிரெஞ்சு மக்கள் பார்த்தார்கள். தீக்காயங்களால் அவர் இறந்துபோனார்.

புரோஃபி பிழைத்துக்கொண்டார்! விமானம் தரையில் மோதியபோது அவர் வெளியே தூக்கியெறியப்பட்டார். ஏழு பேரில் இறந்தவர் மைனார்ஸ்கி மட்டுமே. நடந்ததைப் புரோஃபி சொன்ன பிறகு, 1946இல் மைனார்ஸ்கிக்கு, போர்க்கள வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயரிய விருதான விக்டோரியா கிராஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. புரோஃபி அன்று இறந்திருந்தால், தீக்குள் நடந்தது யாருக்குத் தெரிந்திருக்கும்? 'காயத்தால் மரணம்' என்ற ஒற்றை வரியோடு மைனார்ஸ்கியின் கோப்பை மூடியிருப்பார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைத் தலைமையின் கீழ் பறந்தவர்களில் இறந்தோர் 55,000க்கும் மேல். ஒருவர்கூடத் திரும்பாத விமானங்கள் ஏராளம். அவற்றுக்குள் யார் யாரைக் காப்பாற்றப் பின்தங்கினார் என்பதைச் சொல்ல எவரும் மிஞ்சவில்லை.