எலும்புக்கு முன்பே ரத்தம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரத்தத்தைப் பற்றியவை. போன இதழில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றி நான் எழுதியதன் விளைவு. முப்பது ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகடுகளோடு மல்லுக்கட்டியவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

கேள்வி: மஜ்ஜையில்தான் ரத்தம் உற்பத்தியாகிறது என்று எழுதியிருந்தீர்கள். கருவில் எலும்பே உருவாகாத நாட்களில் ரத்தம் எங்கிருந்து வருகிறது? (கல்லூரி மாணவி)

பதில்: என்னை மடக்கிவிட்டாய். மாணவியாக இருந்தபோது இதே கேள்வியை நான் என் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் அடைகாத்த கோழி முட்டை ஒன்றை எடுத்து, ஓட்டில் நாணய அளவுக்கு நறுக்கி ஜன்னல் வைத்து, "பார்" என்றார். மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூலால் பின்னியது போல ஒரு வலை. அதன் நடுவே கடுகளவு ஏதோ துடித்துக்கொண்டிருந்தது, அதுதான் இதயம். குஞ்சுக்கு இன்னும் கோழி உருவமே வரவில்லை. ஆனால் ரத்தம் ஓடுகிறது, அதுவும் பெரும்பாலும் உடலுக்கு வெளியே, மஞ்சள் கருவைப் போர்த்திய பையில்.

நமக்கும் அப்படித்தான். கருத்தரித்த மூன்றாவது வாரத்தில் கருவோடு ஒட்டிய அந்தப் பையில் முதல் சிவப்பணுக்கள் தோன்றுகின்றன. உருவில் பெரியவை, உட்கரு உள்ளவை. அவசரத்துக்கு ஆக்சிஜன் சுமக்க வந்தவை. வீடு கட்டும்போது முதலில் போடும் கொட்டகை மாதிரி. வீடு எழுந்ததும் கொட்டகைக்கு வேலை இல்லை.

ஆனால் வெகுகாலம் இந்தக் கொட்டகைதான் பிற்பாடு வீடாகிறது என்றே பலரும் நம்பினார்கள். பையில் பிறந்த செல்களே உடலுக்குள் குடியேறி ஆயுள் முழுக்க ரத்தம் தருகின்றன என்பது அவர்கள் கணக்கு. பிரான்ஸைச் சேர்ந்த பிரான்சுவாஸ் தியெதர்லென்-லியெவ்ர் 1975-இல் அந்த நம்பிக்கையை அசைத்தார். காடைக் கருவின் உடலைக் கோழிக் கருவின் பையோடு ஒட்டவைத்தார். காடைச் செல்லின் உட்கருவை நுண்ணோக்கியில் தனியே அடையாளம் காண முடியும். வளர்ந்தபின் பார்த்தால் நிலைத்து நின்ற ரத்தம் காடையுடையது. அதாவது பையிலிருந்து வரவில்லை, உடலுக்குள்ளிருந்து வந்தது. எவ்வளவு எளிமையான சோதனை! இன்றும் நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

உடலுக்குள் எங்கே? 1990-களில் அலெக்சாண்டர் மெட்வின்ஸ்கியும் எலைன் ஜெர்சாக்கும் எலிக் கருவில் இடத்தைக் காட்டினார்கள்: முதுகை ஒட்டி ஓடும் பெருந்தமனியும் அதன் சுற்றுப்புறமும். அந்தக் குழாயின் உட்புறம் ஓடு பதித்தது போலத் தட்டையான செல்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் சில, பெரும்பாலும் தரைப்பக்கத்தில் இருப்பவை, மெல்ல உருண்டு திரண்டு சுவரை விட்டுக் கழன்றுகொள்கின்றன. சுவரே ரத்தமாகிறது! ரன்எக்ஸ்1 என்ற மரபணு வேலை செய்யாவிட்டால் இந்தக் கழற்றல் நடக்காது. உடல் கண்ணாடி போல இருக்கும் ஜீப்ரா மீன் குஞ்சுகளில் இது நடப்பதை 2010-இல் படமே பிடித்துவிட்டார்கள்.

மனிதக் கருவில் இது நான்காம் வாரக் கடைசியில் தொடங்குகிறது. இப்படிப் பிறந்தவைதான் ரத்த ஸ்டெம் செல்கள், அதாவது ஆயுள் முழுக்க எல்லா வகை ரத்த அணுக்களையும் தரும் மூலச் செல்கள். அவை கல்லீரலுக்குப் போய்ப் பெருகுகின்றன. எலும்புக்குள் இடம் தயாரான பிறகே, சில மாதங்கள் கழித்து, மஜ்ஜைக்கு வந்து சேர்கின்றன. மஜ்ஜை அவற்றுக்குப் புகுந்த வீடு, அவ்வளவுதான்.

கேள்வி: என் தம்பிக்கு மஜ்ஜை மாற்று தேவை. பொருத்தமான கொடையாளர் கிடைக்கவில்லை. ரத்த ஸ்டெம் செல்லை ஆய்வகத்திலேயே செய்துவிட முடியாதா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: இன்றைக்கு முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

ஏன் முடியவில்லை என்பதற்கு மேலே சொன்ன கொட்டகைதான் காரணம். தோல் செல்லையோ ரத்தச் செல்லையோ பின்னோக்கித் திருப்பி, எதுவாகவும் மாறக்கூடிய கருநிலைச் செல்லாக்கும் வித்தையை ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் செய்து காட்டினார். அந்தச் செல்லிலிருந்து ரத்தம் செய்ய உட்கார்ந்தவர்களுக்கு, செல் வளர்க்கும் ஆய்வகத் தட்டில் சிவப்பாக ஏதோ கிடைத்தது. கிடைத்தவற்றில் பெரும்பங்கு அவசர ரத்தம். நமக்குத் தேவை நிலைத்த ரத்தம். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிக்கு அந்தச் செல்லைச் செலுத்தி மாதக்கணக்கில் காத்திருப்பது. பிறகு அந்த எலியின் மஜ்ஜையை எடுத்து இன்னொரு எலிக்குச் செலுத்த வேண்டும். இரண்டாவது எலியிலும் எல்லா வகை ரத்த அணுக்களும் உருவானால்தான் அது ஸ்டெம் செல். இந்தத் தேர்வில் தட்டுச் செல்கள் ஆண்டுக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தன.

கரு என்ன செய்கிறது, எந்த நேரத்தில் செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கற்றுத்தான் முன்னேறினார்கள். இதயத் துடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உரசிக்கொண்டு ஓடும் விசைகூடத் தமனிச் சுவருக்கு ஒரு கட்டளை. இதயம் துடிக்காத கருக்களில் ஸ்டெம் செல்கள் சரியாக உருவாவதில்லை என்று 2009-இல் தெரியவந்தது. அசையாத தட்டில் வளர்த்துவிட்டு அதுவரை எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்! மெல்போர்னில் உள்ள மர்டாக் குழந்தைகள் ஆய்வு நிறுவனத்தினர் 2024-இல், வைட்டமின் ஏ சார்ந்த சமிக்ஞையை உரிய கட்டத்தில் கொடுத்து, மரபணு எதையும் வெளியிலிருந்து திணிக்காமல், எலியின் மஜ்ஜையில் வேர்பிடிக்கும் மனித ரத்த ஸ்டெம் செல்களைச் செய்துவிட்டார்கள். நல்ல செய்தி. ஆனாலும் வேர்பிடித்தது எலியில். மனிதருக்குச் செலுத்தும் முன் அது புற்றாக மாறாது என்று உறுதியாக வேண்டும்.

உங்கள் தம்பிக்கு இப்போது பயன்படக்கூடியது வேறு. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். ஆனால் பெற்றோர் எப்போதும் குறைந்தது பாதி பொருந்துவார்கள்; நீங்களும் பொருந்தக்கூடும். பாதிப் பொருத்தத்தோடு மஜ்ஜை மாற்று செய்வது இப்போது பல மருத்துவமனைகளில் நடக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் "பாதிப் பொருத்தம் பார்க்கலாமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு எட்டாம் மாதம். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்தால் பிற்காலத்தில் அதற்கே பயன்படும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தொப்புள்கொடி ரத்தம் உயர்ந்த சரக்கு, அதில் சந்தேகமில்லை. 1988-இல் பாரிஸில் எலியான் க்ளக்மான் குழுவினர் முதன்முதலாக அதைச் செலுத்தி ஒரு சிறுவனைக் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த ரத்தம் அவனுடையது அல்ல, அவன் தங்கையுடையது. விளம்பரத்தில் இந்த ஒரு வரி விட்டுப்போய்விடுகிறது. பரம்பரை ரத்த நோய் என்றால் குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடியிலும் அதே பிழையுள்ள மரபணுதான் இருக்கும். சிறு வயதில் வரும் ரத்தப் புற்றுநோய் சிலவற்றின் முதல் விதை கருவிலேயே விழுந்துவிடுகிறது. அது சேமித்த ரத்தத்திலும் இருக்கலாம். மூத்த குழந்தைக்கு ரத்த நோய் இருந்தால் சேமியுங்கள். இல்லையென்றால் பொது வங்கிக்குத் தானம் கொடுக்க வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?

பதில்: ஸ்டெம் செல் உயிருள்ள செல். மாத்திரைக்குள் உயிரோடு இருக்காது. உங்கள் பணம் மட்டும் ஊறும், விற்றவர் பையில்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, ரத்த ஸ்டெம் செல்லை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

பதில்: பார்த்திருப்பேன், தெரிந்து பார்த்ததில்லை. இடுப்பெலும்பின் பின்புற மேட்டில் ஊசியைத் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கெட்டித்தன்மை சட்டென்று விட்டுப்போகும். மஜ்ஜைக்குள் நுழைந்துவிட்டோம் என்று கைக்குத் தெரியும். உறிஞ்சி எடுத்த துளியைக் கண்ணாடியில் இழுத்துச் சாயமேற்றினால் நீலமும் ஊதாவுமாக ஆயிரக்கணக்கான செல்கள். அதில் பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட ஸ்டெம் செல் இராது. இருந்தாலும் பார்வைக்குச் சின்ன நிணவணு (லிம்போசைட் என்ற வெள்ளணு) போலத்தான் இருக்கும், எந்த அடையாளமும் கிடையாது. எத்தனையோ முறை என் கண்ணில் பட்டிருக்கும். நிணவணுக்களின் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.