சின்ன மீனிலேயே சினை: ரகம் கெட்டுவிட்டதா?

கேள்வி: குளத்தில் நைல் திலேப்பியா வளர்க்கிறோம். பல வருடங்களாக அகலக் கண்ணி வலையால் பெரியதை மட்டும் பிடித்துவிட்டு, சிறியதை விட்டுவிடுகிறோம். இப்போது 40 கிராம் மீனிலேயே சினை. ‘மரபணு மாறி ரகம் கெட்டுவிட்டது, புதுக் குஞ்சு விடுங்கள்’ என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

மரபணு மாறியிருக்குமோ என்ற சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தாமதமாகச் சினை பிடிக்கும் மீன், முட்டையிடும் முன்பே வலையில் ஏறிவிடும். சீக்கிரம் சினை பிடிப்பது ஒருமுறையாவது முட்டையிட்டிருக்கும். மிஞ்சுவது அதன் வாரிசுகள். பெரியதை மட்டும் பிடித்துவந்தால் என்ன ஆகும் என்பதை, கோனோவர், மன்ச் என்ற இரு ஆய்வாளர்கள் சில்வர்சைடு என்ற சிறு கடல்மீனில் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். பெரியதாகப் பார்த்து 90 சதவீதத்தை எடுத்துவந்த தொட்டிகளில், நான்கே தலைமுறையில், சிறியதை எடுத்த தொட்டிகளின் விளைச்சலில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது.

ஆனால் திலேப்பியாவை உடனே இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். குளத்தில் நெரிசலும் தீனிப் பற்றாக்குறையும் இருந்தால், மரபணு துளியும் மாறாமலே 20 கிராமுக்குக் கீழேகூட அது முட்டையிடும். அதன் குஞ்சையே தாராளமாக வளர்த்தால் 5, 6 மாதத்தில், 150 முதல் 200 கிராமில்தான் பருவமடையும். காரணம் மரபணுவா, நெரிசலா என்று பார்வையில் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. தரகர் சொல்கிறார் என்றால் விற்கச் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

சோதித்துப் பாருங்கள். பெண்மீன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும். பத்துப் பதினைந்து சிறிய தாய்களின் வாயிலிருந்து குஞ்சு எடுத்து, தனிக்குட்டையில் சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் விட்டு, வயிறாரத் தீனி போடுங்கள். 150 கிராம் வரை சினை பிடிக்காவிட்டால் கோளாறு நெரிசலில். அப்போதும் 40 கிராமிலேயே சினை பிடித்தால்தான் ரகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

எப்படியானாலும் வலையை மாற்றுங்கள். சிறு கண்ணி இழுவலையால் பொடிமீனை வாரி எடுங்கள். பெரியதில் சிலவற்றைத் தாய்க்கு விடுங்கள். ஆண்தான் வேகமாக வளரும்; அளவை மட்டும் பார்த்தால் ஆண்களே மிஞ்சும் என்பதால், பெண்களுக்குள் பெரியதைத் தேடி விட வேண்டும். கடலில் மீன்பிடிக்கும் விதிகளிலும் பெரியதைக் காப்பாற்றாத இதே குறைதான். ‘இதற்குக் குறைந்த அளவு பிடிக்காதே’ என்று எழுதுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ‘இதற்கு மேல் பெரியதையும் பிடிக்காதே’ என்ற மேல் வரம்பைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இல்லை. காட் என்ற கடல்மீனில் 30 கிலோ மீன் ஒன்று இடும் முட்டை, 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிகம்!

குளத்தில் குஞ்சு பெருகி நெரிசல் வராது என்று ‘முழுக்க ஆண் குஞ்சு’ விற்பதிலும் ஏமாறாதீர்கள். 30 கிராம் வந்ததும் சில மீன்களைப் புரட்டி, அடிவயிற்றில் மலத்துளையையும் சேர்த்து எண்ணுங்கள்: ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. அசல் ஆண் குஞ்சாகவே இருந்தாலும், பழைய பெண்மீன்கள் இருக்கும் குளத்தில் விட்டால் காசு வீண். குளத்தை வற்றடித்துக் காயவிட்ட பிறகே விடுங்கள்.