ரீபூட் செய்ததும் காணாமல் போகும் டிஸ்க் கன்ட்ரோலர்

வணக்கம். மண்டபம் ஐஸ் கம்பெனி சர்வரில் ரீபூட் கொடுத்தால் எல்எஸ்ஐ 9211 டிஸ்க் கன்ட்ரோலர் கார்டும் அதில் மாட்டிய நான்கு டிஸ்க்குகளும் காணாமல் போகின்றன, பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் வந்துவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்து நிமிடம்தான் துப்பு.

முதலில், டிஸ்க்குகள் தெரியும்போதே கணக்குகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

சாதாரண ரீபூட்டில் கார்டுக்குப் போகும் மின்சாரம் நிற்பதில்லை. கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் எங்காவது சிக்கியிருந்தால் சிக்கியபடியே கிடக்கும். இன்னொரு சந்தேகம் சூடு. இந்த கார்டுகள் காற்று சீறியடிக்கும் சர்வர் பெட்டிக்காகச் செய்தவை. சாதாரண கேபினட்டில் ஹீட்சிங்க் மேல் விரல் வைக்க முடியாது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, அரை நிமிடத்தில் திரும்பப் போடுங்கள். கார்டு வந்தால் ஃபர்ம்வேர் மேல் சந்தேகம். ஆறினால்தான் வரும் என்றால் சின்ன ஃபேன் ஒன்றை அதன் மேல் திருப்பி வையுங்கள்.

ஓஎஸ் தனி எஸ்எஸ்டியில் இருப்பது நல்லதாகப் போயிற்று, கார்டு காணாமல் போனாலும் சர்வர் கிளம்பும். அடுத்த முறை கார்டு காணாமல் போகும்போது, செருகியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை அடியுங்கள். கார்டு பட்டியலில் இருந்தால், இந்த கார்டை இயக்கும் எம்பிடி3சாஸ் (mpt3sas) டிரைவர் என்ன புலம்புகிறது என்று லினக்ஸின் கர்னல் பதிவில் பார்க்கலாம். பட்டியலிலேயே இல்லையா? அப்புறம் ஸ்லாட்டைப் பாருங்கள். நம் கடற்கரை உப்புக்காற்று கதவுக் கீலையே விடுவதில்லை, இதை விடுமா? கார்டின் தங்க முலாம் விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அழிரப்பர் வேண்டாம், முலாம் தேய்ந்துவிடும்.

எல்எஸ்பிசிஐ காட்டியதை இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.